ஜஸ்டிஸ் சொசைட்டி நகல் அல்ல, அதுவே மூலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த சூப்பர் ஹீரோ கட்டுரையில், ஜஸ்டிஸ் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா என்ற அமெரிக்கக் காமிக்ஸ் நாயகர் குழுவை 'ஜஸ்டிஸ் லீக்கைப் பார்த்துப் பின்னாளில் உருவாக்கிய குழு' என்று எழுதியிருந்தார்கள். உண்மை நேர்மாறானது. 2022இல் 'பிளாக் ஆடம்' படத்தில் சொசைட்டியின் நாயகர்களான ஹாக்மேனையும் டாக்டர் ஃபேட்டையும் முதன்முறையாகப் பார்த்த பிள்ளைகளும் இதையேதான் நம்புகிறார்கள். எனவே ஒரு வரித் திருத்தத்தோடு நிறுத்தாமல், தவறு எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். கட்டுரையில் இருந்த நான்கு பிழைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

சொசைட்டி முதலில் தோன்றியது 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' 3ஆம் இதழில். அட்டையில் 1940 குளிர்காலம் என்றிருக்கும். கடைக்கு வந்தது 1940 நவம்பர். லீக் தோன்றிய 'தி பிரேவ் அண்ட் தி போல்டு' 28ஆம் இதழின் அட்டைத் தேதி 1960 பிப்ரவரி-மார்ச். இடையே முழுதாக 19 ஆண்டுகள். இரண்டையும் தொடக்கத்தில் எழுதியவர் ஒரே ஆள், கார்ட்னர் ஃபாக்ஸ். லீக்கின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ், பழைய குழுவைப் புதுப்பிக்கும்போது 'சொசைட்டி' என்ற சொல்லில் விறுவிறுப்பு இல்லை என்று கருதி 'லீக்' என்று மாற்றினார். பேஸ்பால் லீக்குகளால் அமெரிக்கச் சிறுவர்களுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே நெருக்கமாக இருந்தது. லீக் புகழ்பெற்ற பிறகு பிறந்தவர்கள் புகழ்பெற்றதையே மூத்தது என்று எடுத்துக்கொண்டார்கள். முதல் பிழை வந்த வழி அது.

குழு எப்படி அமைந்தது என்பதுதான் இதில் சுவையான பகுதி. கதைக்குள்ளே தேடினால் விடை கிடைக்காது, பதிப்பகத்தின் கணக்கில்தான் கிடைக்கும். அப்போது மேக்ஸ் கெய்ன்ஸின் ஆல்-அமெரிக்கன் பப்ளிகேஷன்ஸ், சூப்பர்மேனும் பேட்மேனும் இருந்த நேஷனல் (பின்னாளில் டிசி) என்று இரண்டு சகோதர நிறுவனங்கள். கெய்ன்ஸின் ஆசிரியர் ஷெல்டன் மேயர். இரு நிறுவனங்களும் நடத்திய நான்கு இதழ்களிலிருந்து இதழுக்கு இரண்டு பேர் வீதம் எடுத்தார்கள். 'ஃப்ளாஷ் காமிக்ஸ்' கொடுத்தது ஃப்ளாஷும் ஹாக்மேனும். 'ஆல்-அமெரிக்கன் காமிக்ஸ்' கொடுத்தது கிரீன் லாந்தர்னும் ஆட்டமும். நேஷனலின் 'அட்வென்ச்சர் காமிக்ஸ்' சாண்ட்மேனையும் அவர்மேனையும், 'மோர் ஃபன் காமிக்ஸ்' ஸ்பெக்டரையும் டாக்டர் ஃபேட்டையும் கொடுத்தன. ஆக எட்டுப் பேர். ஜானி தண்டர் அந்த முதல் கூட்டத்துக்கு அழைக்காமலே வந்து சேர்ந்தவன், அப்போது உறுப்பினன் அல்லன்.

அடுத்து ஒரு விதி வைத்தார்கள். தன் பெயரிலேயே தனி இதழ் கிடைத்துவிட்ட நாயகன் 'கௌரவ உறுப்பினர்' ஆகிவிட வேண்டும், குழுவின் வேலைகளுக்கு வரக்கூடாது. சூப்பர்மேனும் பேட்மேனும் தொடக்கம் முதலே கௌரவ உறுப்பினர்களாக ஒதுங்கி இருந்தது இதனால்தான். அவர்களுக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. 10 சென்ட் கொடுத்து ஹாக்மேனைப் படிக்கும் பையனுக்கு டாக்டர் ஃபேட்டையும் அறிமுகப்படுத்தி, அவனை அடுத்த மாதம் 'மோர் ஃபன்' வாங்க வைப்பதுதான் இந்த இதழின் வேலை.

இந்த விதி எவ்வளவு கறாராக நடந்தது என்பதை ஆள்மாற்றங்களில் பார்க்கலாம். 1941 கோடையில் ஃப்ளாஷுக்குத் தனி இதழ் வந்தது. 6ஆம் இதழில் அவர் விலக, அவர் இடத்துக்கு வந்தவன் ஜானி தண்டர். அவனும் 'ஃப்ளாஷ் காமிக்ஸ்' ஆள்தான். அடுத்துக் கிரீன் லாந்தர்னுக்குத் தனி இதழ். 8ஆம் இதழில் அவர் இடத்தில் டாக்டர் மிட்நைட். அவரும் அதே 'ஆல்-அமெரிக்கன் காமிக்ஸ்' ஆள். அதே 8ஆம் இதழில் அவர்மேன் விடுப்பில் போக ஸ்டார்மேன் வருகிறார், இருவரும் 'அட்வென்ச்சர்' ஆட்கள். ஆள் மாறினாலும் இதழுக்கு இரண்டு பேர் என்ற பங்கு மாறவே இல்லை! கதையில் இதற்கெல்லாம் என்னென்னவோ காரணம் சொல்வார்கள். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு படித்தால் அடுத்து யார் போவார், எந்த இதழிலிருந்து ஆள் வரும் என்பதை நாமே சொல்லிவிடலாம்.

1940களின் நடுவில் கெய்ன்ஸுக்கும் நேஷனலுக்கும் ஒத்துப்போகாமல் போனபோதும் கதை அதே வழியில்தான் திரும்பியது. 24ஆம் இதழுக்குள் நேஷனலின் ஆட்கள் எல்லோரும் காணாமல் போனார்கள்: சாண்ட்மேன், டாக்டர் ஃபேட், ஸ்பெக்டர், ஸ்டார்மேன். காலியான இடத்தை நிரப்பக் கெய்ன்ஸின் 'சென்சேஷன் காமிக்ஸ்' இதழிலிருந்து வைல்ட்கேட்டும் மிஸ்டர் டெரிஃபிக்கும் வந்தார்கள். ஃப்ளாஷும் கிரீன் லாந்தர்னும் தனி இதழ் இருந்தும் திரும்பினார்கள்; தேவை வந்ததும் விதி தளர்ந்தது. டாக்டர் ஃபேட் போன்ற ஒரு பாத்திரம் கதைக்குள் ஒரு விடைபெறுதல்கூட இல்லாமல் மறைந்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஹாக்மேன் ஒருவர் மட்டுமே 3ஆம் இதழிலிருந்து 57ஆம் இதழ் வரை 55 கதைகளிலும் இருக்கிறார்.

இரண்டாவது பிழை, சூப்பர்மேனும் பேட்மேனும் சொசைட்டியின் நிறுவனர்கள் என்பது. இது 1977இல் வந்த 'டிசி ஸ்பெஷல்' 29ஆம் இதழிலிருந்து வருகிறது. பால் லெவிட்ஸ் எழுதி ஜோ ஸ்டேட்டன் வரைந்த அந்தக் கதை, குழு உருவான விதத்தை ரூஸ்வெல்ட், ஹிட்லர் என்று புதிதாகச் சொல்லி, எட்டுப் பேரோடு அந்த இருவரையும் சேர்த்துவிட்டது. நல்ல கதைதான். ஆனால் 37 ஆண்டுகள் கழித்து எழுதியது. 1940 இதழில் நடப்பது ஒரு விருந்து: நாயகர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், அவ்வளவே. ஒரே வழக்கில் எல்லோரும் இறங்குவது 4ஆம் இதழில்தான். சூப்பர்மேனும் பேட்மேனும் 7ஆம் இதழில் போர் அநாதைகளுக்கு நிதி திரட்டும் கதையில் தலைகாட்டுகிறார்கள். முழுக் கதையிலும் பங்கேற்பது 1947இல் வந்த 36ஆம் இதழில் மட்டும்.

மூன்றாவது பிழை வொண்டர் வுமன் பற்றியது. அவர் நிறுவனரும் அல்லர், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பதிலாக உருவானவரும் அல்லர். அவர் முதலில் தோன்றியது 'ஆல் ஸ்டார்' 8ஆம் இதழின் பின்பகுதியில், சொசைட்டி கதையோடு தொடர்பில்லாத ஒரு தனிக் கதையில். எழுதியவர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன், வரைந்தவர் எச்.ஜி. பீட்டர். அட்டைத் தேதி 1941 டிசம்பர்-1942 ஜனவரி. தாக்குதல் நடந்தது 1941 டிசம்பர் 7 என்பதால் பலரும் இரண்டையும் முடிச்சுப்போட்டுவிடுகிறார்கள். அந்தக் கால அமெரிக்கக் காமிக்ஸில் அட்டைத் தேதி என்பது விற்பனையாகாத பிரதியைக் கடைக்காரர் எப்போது திருப்பி அனுப்பலாம் என்பதற்கான குறிப்பு. எனவே அது விற்பனைக்கு வந்த நாளைவிட ஏறக்குறைய இரண்டு மாதம் முன்தள்ளியே இருக்கும். 8ஆம் இதழ் 1941 அக்டோபரிலேயே கடைக்கு வந்துவிட்டது. பழைய காமிக்ஸ் பற்றி எழுதுவோர் எந்த அட்டைத் தேதியையும் வரலாற்று நிகழ்ச்சியோடு இணைக்கும் முன் இரண்டு மாதம் பின்னே எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

அவர் குழுவுக்குள் வந்தது 1942இல். 12ஆம் இதழில் அவருக்குக் கொடுத்த பொறுப்பு செயலாளர். ஆண்கள் களத்துக்குப் போக, அவர்கள் எல்லோரையும்விட வலிமையான அவர் பின்தங்கிக் குறிப்பெடுக்கிறார். அவருக்கு அதே கோடையில் தனி இதழ் வந்துவிட்டதால் கௌரவ உறுப்பினர் விதிப்படி களத்துக்கு வர முடியாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். விதி உண்மைதான். ஆனாலும் கிரீன் லாந்தர்னை எந்த விதியும் மேசையில் உட்கார்ந்து எழுத வைக்கவில்லையே. இதை வெட்கக்கேடு என்றே நான் சொல்வேன்.

நான்காவது பிழைதான் மிகவும் பரவலானது: ஒரே பெயரில் இரண்டு ஆட்கள். கட்டுரையாளர் சொசைட்டியின் ஹாக்மேனை வேற்றுக்கிரகக் காவலர் என்கிறார். அது 1961இல் வந்த கேடர் ஹால், தனகர் கிரகத்துக்காரர். 1940இன் ஹாக்மேன் பூமியில் பிறந்த கார்ட்டர் ஹால். பண்டைய எகிப்திய இளவரசன் கூஃபுவின் மறுபிறப்பு. 'பிளாக் ஆடம்' படத்தில் வருபவரும் கார்ட்டர் ஹால்தான்.

மற்றவர்களையும் அடையாளம் காண வழி சொல்கிறேன். தலையில் சிறகு வைத்த உலோகத் தொப்பி, முகமூடி கிடையாது என்றால் அது பழைய ஃப்ளாஷ் ஜே கேரிக். கன நீரின் ஆவியைச் சுவாசித்து வேகம் பெற்றவர். முழுச் சிவப்பு உடை, முகமூடி என்றால் 1956இல் வந்த பேரி ஆலன். சிவப்புச் சட்டை, ஊதா மேலங்கியோடு கிரீன் லாந்தர்ன் வந்தால் அவர் ஆலன் ஸ்காட். அவருக்குச் சக்தி தரும் மோதிரத்துக்கு 24 மணி நேரத்துக்கு ஒருமுறை விளக்கிலிருந்து சக்தி ஏற்ற வேண்டும். மரத்தின் மேல் அது வேலை செய்யாது. மஞ்சள் நிறத்தின் மேல் வேலை செய்யாத மோதிரம் பின்னால் வந்த ஹால் ஜோர்டனுடையது. ஆட்டம் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். பழைய ஆட்டம் ஆல் பிராட் உருவத்தில் சுருங்குபவரே அல்லர். குட்டையான கல்லூரி மாணவர், குத்துச்சண்டைப் பயிற்சியில் பலம் பெற்றவர். அணுசக்தி வலிமை 1948 வாக்கில்தான் அவருக்கு ஒட்டவைக்கப்பட்டது. சுருங்குபவர் 1961இன் ரே பாமர்.

இந்த இரட்டை ஆட்கள் எப்படி ஒரே உலகில் இருக்க முடியும் என்பதற்கு ஃபாக்ஸ் கொடுத்த விடை மிக அழகு. 1961 செப்டம்பர் தேதியிட்ட 'தி ஃப்ளாஷ்' 123ஆம் இதழில் பேரி ஆலன் அதிர்வெண் மாறி இன்னொரு பூமிக்குப் போய், தான் சிறுவயதில் காமிக்ஸில் படித்த ஜே கேரிக்கை நேரில் சந்திக்கிறார். அந்தக் காமிக்ஸை எழுதிய கார்ட்னர் ஃபாக்ஸ் தூக்கத்தில் இந்த உலகத்தைக் கண்டு எழுதியிருக்க வேண்டும் என்று கதைக்குள்ளேயே பேரி சொல்கிறார். பழைய நாயகர்கள் வாழும் உலகம் 'எர்த்-டூ' ஆனது. 137ஆம் இதழில் சொசைட்டியினர் மீண்டும் கூட, 1963இல் 'ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா' 21, 22ஆம் இதழ்களில் இரு குழுக்களும் முதன்முறையாகச் சேர்ந்தன. 1985 வரை ஆண்டுதோறும் இந்தச் சந்திப்பு தொடர்ந்தது.

சொசைட்டி 1951இல் ஏன் கலைந்தது என்பதற்கும் இரண்டு விடைகள் உண்டு, கலக்கக் கூடாது. நாடாளுமன்றக் குழு ஒன்று முகமூடியைக் கழற்றச் சொன்னதால் நாயகர்கள் மறுத்து விலகினார்கள் என்பது கதைக்குள் உள்ள காரணம்; அதை எழுதியதோ 1979இல், 'அட்வென்ச்சர் காமிக்ஸ்' 466ஆம் இதழில். உண்மையில் நடந்தது, போருக்குப் பிறகு சூப்பர் ஹீரோ இதழ்களின் விற்பனை சரிந்து குற்றம், காதல், கௌபாய் கதைகள் ஏறியதுதான். 57ஆம் இதழுக்கு அடுத்து அதே வரிசை எண்ணோடு இதழின் பெயரை 'ஆல்-ஸ்டார் வெஸ்டர்ன்' என்று மாற்றி, உள்ளே குதிரை வீரர்களைப் போட்டுவிட்டார்கள்.

இனி, படிக்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். 3 முதல் 57 வரையிலான கதைகள் 'ஆல் ஸ்டார் காமிக்ஸ் ஆர்க்கைவ்ஸ்' என்ற கெட்டி அட்டைத் தொகுப்புகளில் உள்ளன. 0 முதல் 11 வரை எண்ணிட்ட 12 தொகுதிகள் அவை; 0 என்பது முதல் இரண்டு இதழ்கள், அவற்றில் சொசைட்டி கிடையாது, எனவே அதில் தொடங்க வேண்டாம். ஒரே மூச்சில் படிக்கவும் வேண்டாம். ஆரம்ப ஆண்டுகளின் கதைகள் எல்லாம் ஒரே வார்ப்பு: முதலில் கூட்டம், பிறகு ஆளுக்கு ஏறக்குறைய 6 பக்கத்தில் தனித்தனி அத்தியாயம், கடைசியில் மீண்டும் கூட்டம். ஒவ்வொரு அத்தியாயத்தையும் பெரும்பாலும் அந்தந்த நாயகனின் ஓவியரே வரைவார். ஒரே நேரத்தில் பலர் வரைந்து இதழை முடிக்க அது வசதி. ஆனால் அதனால் வில்லனின் முகம் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும், கோட்டின் தடிமன் மாறும். தொடர்ந்து பத்துக் கதை படித்தால் சலித்துவிடும். போர்க்காலத் தாள் கட்டுப்பாட்டில் பக்கங்கள் குறைந்ததும், எல்லோருக்கும் தனி அத்தியாயம் கொடுக்க இடமில்லாமல் நாயகர்களை இருவர் மூவராகச் சேர்த்து அனுப்பினார்கள். அப்படி வந்த பிற்காலக் கதைகள்தான் ஒரு குழுவின் கதையாக ஓடுகின்றன.

ஆகவே 3, 4, 8 படித்துவிட்டு நேரே 37ஆம் இதழுக்குப் போகலாம். வாண்டல் சாவேஜ், விசார்ட், பிரெய்ன் வேவ், பெர் டெகட்டன் உள்ளிட்ட வில்லன்கள் 'இன்ஜஸ்டிஸ் சொசைட்டி'யாகச் சேரும் 1947ஆம் ஆண்டுக் கதை அது. பழைய வரிசையில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் என்றால் இதைத்தான் எடுப்பேன். பிள்ளைகளுக்குக் கொடுக்க 27ஆம் இதழ். மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக்கூடாது என்பதை 1945இலேயே முழுநீளக் கதையாகச் சொன்னது. பார்வையற்ற மருத்துவரான டாக்டர் மிட்நைட் இருக்கும் குழுவுக்கு அந்தக் கதை பொருத்தமும்கூட. 11, 12ஆம் இதழ்களைப் பெரியவர்கள் முதலில் பார்த்துவிடுவது நல்லது. போர்க்கால வெறுப்பில் ஜப்பானியரை மனிதரே அல்லாதவர் போலச் சித்தரித்திருக்கிறார்கள்.

அதன்பின் மேலே சொன்ன 'ஃப்ளாஷ்' 123, 137, 'லீக்' 21, 22. பிறகு 1976இல் உயிர்பெற்ற 'ஆல் ஸ்டார்' 58 முதல் 74 வரை, அதன் தொடர்ச்சியாக 'அட்வென்ச்சர்' 461 முதல் 466 வரை. இங்கேதான் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். 58ஆம் எண்ணில் இரண்டு இதழ்கள் உண்டு: 1951இன் கௌபாய் இதழ் ஒன்று, பவர் கேர்ள் என்ற நாயகி அறிமுகமாகும் 1976 இதழ் மற்றொன்று. ஆண்டைக் கேட்காமல் பணம் கட்டக்கூடாது. 1981இல் ராய் தாமஸ் தொடங்கிய 'ஆல்-ஸ்டார் ஸ்குவாட்ரன்' 67 இதழ்களும் அருமையானவை. ஆனால் கதை 1940களில் நடப்பதால் பழைய இதழ் என்று எண்ணி அதிலிருந்து 'அக்காலத் தகவல்' எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இன்றைய வாசகனுக்கு எளிதான வாசல் 1999இல் தொடங்கி 87 இதழ்கள் வந்த 'ஜேஎஸ்ஏ'. கிழவர்களான ஜே கேரிக்கும் ஆலன் ஸ்காட்டும் வைல்ட்கேட்டும் இளையவர்களைப் பழக்கும் கதை.

பழைய பிரதி கிடைத்தது என்று மகிழ்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1975இல் டிசி நிறுவனம் 3ஆம் இதழை 'ஃபேமஸ் ஃபர்ஸ்ட் எடிஷன்' என்ற பெயரில், விளம்பரங்கள் உட்பட அப்படியே மறுபதிப்புச் செய்தது. அதற்கு வெளியே ஒரு தடித்த அட்டை உண்டு. அதைக் கிழித்துவிட்டால் உள்ளே 10 சென்ட் விலையோடு பழைய அட்டை அச்சு அசலாக இருக்கும். அளவுகோல் போதும், கண்டுபிடித்துவிடலாம். மூல இதழ் ஏறக்குறைய 7¾ அங்குல அகலம், 10¼ அங்குல உயரம். மறுபதிப்பு ஏறக்குறைய 10 அங்குல அகலம், 13½ அங்குல உயரம். படத்தை மட்டும் அனுப்பி விற்பவரிடம், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 2000இல் வந்த மறுபதிப்பு வழக்கமான அளவுதான் என்றாலும் அதன் அட்டையில் 'மில்லேனியம் எடிஷன்' என்ற முத்திரை இருக்கும்.

அச்சேறாமலே போன ஒரு சொசைட்டி கதையும் உண்டு, ஃபாக்ஸ் 1940களில் எழுதிய 'தி வில் ஆஃப் வில்லியம் வில்சன்'. அதன் மூல ஓவியப் பக்கங்களைப் பதிப்பகமே பின்னாளில் குறுக்காகத் துண்டு துண்டாக வெட்டிக் கழித்துக்கட்டியது. பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளரான, அப்போது இளைஞராக இருந்த மார்வ் உல்ஃப்மேன் போன்றவர்கள் சில துண்டுகளைக் காப்பாற்றியதால் அதன் ஒரு பகுதியாவது நமக்குத் தெரியும்.

தாங்கள் திருத்தம் வெளியிடுவதானால் இந்த வாசகங்கள் போதும்: 'ஜஸ்டிஸ் சொசைட்டி 1940 நவம்பரில் வெளிவந்தது, ஜஸ்டிஸ் லீக் 1960 பிப்ரவரி-மார்ச் தேதியிட்ட இதழில். சொசைட்டியின் முதல் உறுப்பினர்கள் ஃப்ளாஷ், கிரீன் லாந்தர்ன், ஹாக்மேன், ஆட்டம், சாண்ட்மேன், அவர்மேன், ஸ்பெக்டர், டாக்டர் ஃபேட்.' கட்டுரையோடு வெளியான படத்தில் இருப்பவர் பேரி ஆலன் என்பதால், இணையப் பதிப்பில் அதை எடுத்துவிட்டு ஜே கேரிக்கின் படத்தைப் போடவும் வேண்டுகிறேன். சிறகு வைத்த தொப்பியைப் பார்த்து எடுத்தால் தவறாது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
திருநெல்வேலி